சோறும் சோத்துலயும்: புனைமொழியில் ஒலி மாறும் விதம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களை வரிசையாக வாசித்தாலே நன்னூல் புணரியலில் பாதி வந்துவிடும். கோட்டை + ஊர், நடுவில் ஒரு ய் ஏறிக் கோட்டையூர். பள்ளம் + ஊர், ம் விழுந்து அத்துச் சாரியை நுழைந்து பள்ளத்தூர். காரை + குடி, க் மிகுந்து காரைக்குடி. வேலங்குடியில் க-வுக்கு முன்னால் வரும் மூக்கொலி ங் ஆகிவிட்டது. கோவிலூரில் ஒன்றுமே நடக்கவில்லை. ல் மேல் ஊ ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். பவணந்தியார் இவற்றைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரித்தார். மாற்றம் இல்லாமல் சேர்வதை இயல்பு என்று தனியாக வைத்தார்.

பத்தாம் வகுப்போடு இதையெல்லாம் மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு மொழியைப் புதிதாக உருவாக்க உட்காருபவர்கள் முதலில் திணறுவது இந்த இடத்தில்தான். திரைப்படத்துக்கோ கதைக்கோ விளையாட்டுக்கோ ஒருவர் உட்கார்ந்து உருவாக்கும் மொழியைப் புனைமொழி என்று வைத்துக்கொள்வோம். சொற்களை உருவாக்குவது சுலபம். இரவு முழுக்க உட்கார்ந்தால் நூறு சொல் வந்துவிடும். அந்தச் சொற்கள் பன்மை ஆகும்போதும் வேற்றுமை ஏற்கும்போதும் எப்படி உருமாறும் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

என் அண்ணன் மகளும் அவள் கல்லூரித் தோழிகளும் ஒரு குறும்படத்துக்காக இப்படி ஒரு மொழி செய்துகொண்டிருந்தார்கள். பழைய வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) உட்கார்ந்து எழுதியதால் அதற்குப் பட்டாலை மொழி என்றே பெயர். "சித்தப்பா, பன்மை வந்தா க-வ ஹ-வா மாத்திடுறோம். வித்தியாசமா இருக்கும்ல?" என்றாள். வித்தியாசமாகத்தான் இருக்கும். ஆனால் பன்மைக்கும் ஹ-வுக்கும் என்ன சம்பந்தம்? அப்படி விதி எழுதினால் அது ஒட்டவைத்த விதியாகத் தெரியும். ஒலி மாற்றத்துக்கு இலக்கணம் தெரியாது. வாய்க்கு எது சிரமம், பக்கத்தில் எந்த ஒலி இருக்கிறது, இந்த இரண்டைத்தான் அது பார்க்கும். அது விட்டுப்போன தடங்களை எடுத்து, 'இது பன்மை', 'இது வேற்றுமை' என்று பெயர் வைப்பது பின்னால் வரும் தலைமுறை.

இதற்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. "சோத்துல தண்ணி ஊத்தி வை" என்று அப்பத்தா சொன்னால் யாருக்கும் புரியும். எழுத்துத் தமிழே தெரியாத, பேச்சை மட்டும் காதால் கேட்கும் ஒருவர் இதற்கு எப்படி இலக்கணம் எழுதுவார்? சோறு, ஆனால் சோத்துல. ஆறு, ஆனால் ஆத்துல. வயிறு, ஆனால் வயித்துல. வினையிலும் அதே கதை: தானாக ஏறினால் ஏறு, இன்னொன்றை ஏற்றினால் ஏத்து, மாறு, மாத்து. ஆக, 'வேற்றுமை உருபு வந்தால் ற என்பது த்த ஆகும்' என்று அவர் விதி எழுதியாக வேண்டும். விசித்திரமான விதி. நாக்கு துடித்து வரும் ஒலி எதற்காகப் பல்லில் மோதும் ஒலியாக மாற வேண்டும்?

மாறவே இல்லை என்பதுதான் பதில். க ச ட த ப ற வல்லினம் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த வரிசையில் ற-வுக்கு என்ன வேலை என்று யோசித்திருக்கிறீர்களா? இன்றைய நம் உச்சரிப்பில் அது ர-வின் அண்ணன் மாதிரி இருக்கிறது. வல்லினத்தில் வைத்ததற்குக் காரணம், பழந்தமிழில் அது உண்மையிலேயே வல்லொலி. நாக்கு நுனி மேல் பல்லின் ஈறைத் தொட்டு அடைத்துத் திறக்கும் ஒலி. த-வுக்கும் ட-வுக்கும் நடுவில் ஓரிடம். அது தனியாக இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தபோது அடைப்பு தளர்ந்து துடிப்பொலி ஆகிவிட்டது. அதுதான் சோறு. இரட்டித்தபோது அடைப்பு இறுகி நின்றது. மலையாளிகள் 'ஆற்றில்' என்று சொல்லும்போது அந்தப் பழைய ஒலியை இன்றும் கேட்கலாம். யாழ்ப்பாணத்தாரின் 'வெற்றி'யிலும் கேட்கலாம். நம் பக்கத்துப் பேச்சில் அந்த இரட்டை ஒலி இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து பல்லில் உட்கார்ந்து த்த ஆனது.

ஆக நடந்தது மூன்று. வேற்றுமையில் மெய் இரட்டித்தது. தனி ற தளர்ந்தது. இரட்டை ற்ற பல்லுக்கு நகர்ந்தது. ஒவ்வொன்றும் உலகத்தில் எந்த மொழியிலும் நடக்கக்கூடிய சாதாரண மாற்றம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதும் 'ற என்பது த்த ஆகும்' என்ற வினோத விதி பிறந்துவிட்டது. அதை யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை.

புனைமொழி செய்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இவ்வளவுதான். வினோதமான விதியை நேரே எழுதாதீர்கள். சாதாரண மாற்றங்கள் மூன்று நான்கை எடுத்து, ஒரு வரிசையில் வைத்து, பழைய சொற்களை அவற்றின் வழியே ஓடவிடுங்கள். வினோதம் தானாக வரும். அது நம்பும்படியும் இருக்கும்.

பட்டாலை மொழியில் இதைச் செய்து பார்த்தோம். ஐந்து பழஞ்சொற்கள்: தக் (கல்), முப் (வீடு), சன் (மரம்), நித் (நாள்), இன் (மீன்). பன்மைக்கு இறுதியில் இ சேர்க்க வேண்டும். எந்த விலக்கும் கிடையாது. அப்படியானால் பழைய பன்மைகள் தகி, முபி, சனி, நிதி, இனி. இங்கே க, ப, த மூன்றையும் சொல்லின் முதலில் வருவது போல வலுவாகவே படியுங்கள். தமிழ் எழுத்தில் இது ஒரு தொல்லை. 'கல்', 'அகல்', 'மங்கை' மூன்றிலும் ஒரே க-வை எழுதி மூன்று விதமாகச் சொல்கிறோம். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில் இந்த வழக்கத்தைத் திராவிட மொழிகளின் முக்கியமான ஒலியியல்பாக எடுத்துப் பேசினார். நமக்கோ அது காதிலேயே விழுவதில்லை.

சரி, காலம் ஓடட்டும். முதல் மாற்றம்: இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தால் க தளர்ந்து ஹ, ப தளர்ந்து வ, த தளர்ந்து ஸ. தகி தஹி ஆகிறது, முபி முவி, நிதி நிஸி. இரண்டாம் மாற்றம்: கடைசியில் வரப்போகும் இ-க்கு நாக்கு முன்கூட்டியே தயாராகிறது. அதனால் அதற்கு முந்தைய அசையின் அ, எ ஆகிறது. உ, இ ஆகிறது. தஹி தெஹி, முவி மிவி, சனி செனி. மூன்றாம் மாற்றம்: சொல்லின் கடைசி இ அழுத்தமில்லாமல் தேய்ந்து விழுகிறது.

கடைசியில் கையில் இருப்பவை: தக், தெஹ். முப், மிவ். சன், சென். நித், நிஸ். இன், இன். பன்மை விகுதி என்று ஒன்று இப்போது இந்த மொழியில் இல்லவே இல்லை. கல்லுக்கும் வீட்டுக்கும் உயிரும் மெய்யும் சேர்ந்து மாறுகின்றன. மரத்துக்கு உயிர் மட்டும். நாளுக்கு மெய் மட்டும். மீனுக்கு எதுவும் இல்லை. குழந்தைகள் இதை மனப்பாடம் செய்தாக வேண்டும், வெளியார் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஆனால் பின்னால் இருப்பவை மூன்றே மாற்றங்கள், அவற்றில் விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை.

இதில் வரிசைதான் உயிர். மூன்றாம் மாற்றத்தை முதலில் வைத்துப் பாருங்கள். தகி உடனே தக் ஆகிவிடும். தளர்வதற்கும் உயிர் திரிவதற்கும் இடமே இருக்காது. ஒருமையும் பன்மையும் எல்லாச் சொல்லிலும் ஒன்றாகிவிடும். தளர்வதை மட்டும் கடைசிக்குத் தள்ளினால் தெக், மிப் என்று வரும். நாளும் மீனைப் போல மாறாமல் நின்றுவிடும். அதே மூன்று விதி, வேறு வேறு மொழிகள். ஆத்தங்குடிக் கல் செய்பவர்கள் கண்ணாடி மேல் முதலில் வண்ணச் சிமெண்டை ஊற்றிவிட்டு அதன் மேல்தான் மணலும் சிமெண்டும் போடுவார்கள். முதலில் ஊற்றியது முகமாகத் தெரியும், வரிசை மாறினால் பூ அடியில் போய்விடும். ஒலி மாற்றமும் அந்த ரகம்.

அண்ணன் மகள் கேட்ட ஹ இப்போது வந்துவிட்டது, பார்த்தீர்களா? ஆனால் அது பன்மையின் அடையாளமாக வரவில்லை. 'உடைய' என்ற பொருளுக்கு அ என்ற விகுதி சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், தக் + அ, தளர்ந்து தஹ ஆகும். 'கல்லின்' என்பதிலும் ஹ இருக்கும். சேர்ந்தது இ இல்லை, அ என்பதால் முந்தைய உயிர் மாறாது. ஆக ஹ சொல்வது ஒன்றைத்தான்: இங்கே ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் உயிர் இருந்தது. இப்படி ஒரே தடம் இலக்கணத்தின் இரண்டு மூன்று மூலைகளில் தலைகாட்டினால்தான் மொழிக்கு வயது வந்த மாதிரி இருக்கும்.

ஆங்கிலத்தில் ஃபுட் பன்மையில் ஃபீட் ஆவதும், மவுஸ் மைஸ் ஆவதும் இதே வழியில்தான். அங்கேயும் விகுதியில் ஓர் இ இருந்தது, முந்தைய உயிரை இழுத்துவிட்டு அது விழுந்துவிட்டது. வேல்ஸ் மொழியில் இன்னும் அழகு. 'பென்' என்றால் தலை. 'அவனுடைய', 'அவளுடைய' இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் அவன் தலை என்றால் முதல் ப மெலிந்து 'பம்பரம்' என்பதன் இரண்டாவது ப போல ஒலிக்கும். அவள் தலை என்றால் ஃபென். பழைய காலத்தில் 'அவனுடைய' உயிரில் முடிந்தது, 'அவளுடைய' ஸ்-இல் முடிந்தது. அந்த முடிவுகள் இரண்டும் போய்விட்டன. ஆணா பெண்ணா என்ற செய்தி அடுத்த சொல்லின் முதல் எழுத்தில் குடியேறிவிட்டது.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் கதைகளுக்காகச் செய்த சிந்தரின் மொழியை வேல்ஸ் மொழியின் ஒலியழகில் மயங்கித்தான் கட்டினார். மொழியியல் அறிஞர் என்பதால் நேரே விதி எழுதவில்லை. ஒரு மூலமொழியை வைத்து அதிலிருந்து குவென்யா, சிந்தரின் என்று இரண்டை வெவ்வேறு மாற்றங்கள் வழியே இறக்கினார். சிந்தரினில் 'அதன்' (மனிதன்) பன்மையில் 'எதைன்' ஆவதைப் பார்த்தால், விழுந்துபோன இ உங்களுக்கே இப்போது தெரியும்.

2009-இல் வந்த அவதார் படத்துக்காக பால் ஃப்ராமர் செய்த நாவி மொழியும் இந்தக் குடும்பத்தில் சேரும். துதே என்றால் ஆள். பன்மை முன்னொட்டு 'அய்' சேர்ந்தால் த தளர்ந்து அய்சுதே. பிறகு 'அய்'யை விட்டுவிட்டே பேசலாம்: சுதே. பன்மை இருப்பது ஸ-வில் மட்டும். கெல்கு என்றால் வீடு, 'மீ ஹெல்கு' என்றால் வீட்டில். ஒரே தளர்ச்சி பன்மையிலும் இடத்திலும் எட்டிப் பார்க்கிறது. எனக்குத் தெரிந்த திரைப்பட மொழிகளில் இந்த ஒரு விஷயத்தை மிகச் சிக்கனமாகச் செய்தது இதுதான்.

எல்லாப் புனைமொழிக்கும் இது வேண்டும் என்றில்லை. ஸாமென்ஹோஃப் 1887-இல் வெளியிட்ட எஸ்பெராண்டோவில் பெயர்ச்சொல்லோடு ஒரு ய் சேர்த்தால் பன்மை, முடிந்தது. பாத்ரோ (அப்பா), பாத்ரோய். யாரும் சுலபமாகப் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே சோத்துல வந்தால் காரியம் கெடும். பாகுபலிக்காக மதன் கார்க்கி செய்த கிளிக்கியில் 'மின்' என்றால் நான், திருப்பிப் போட்டு 'நிம்' என்றால் நீ. திரையில் கேட்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் சொல்லைத் திருப்பிப் போடுவது மனிதர் வேண்டுமென்றே செய்யும் விளையாட்டு, நாம் சின்ன வயதில் எழுத்துக்கு எழுத்து க சேர்த்துப் பேசிய க-பாஷை மாதிரி. தலைமுறை தலைமுறையாகத் தேயும் வாய் அப்படிச் செய்யாது.

மீன் விஷயத்துக்கு வருவோம். இன், இன் என்று ஒருமையும் பன்மையும் ஒன்றாகிவிட்டதே, அதை எப்படிச் சரிசெய்வது என்று ஒருத்திக்குக் கவலை. சரிசெய்ய வேண்டாம் என்றேன். நாம் சந்தையில் 'நாலு மீன்' என்றுதான் கேட்கிறோம், 'நாலு மீன்கள்' என்று யார் கேட்கிறார்கள்? எண்ணுச் சொல்லே வேலையைப் பார்த்துவிடும். ஆனால் பேசுபவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஒலி மாற்றம் உடைத்ததைப் பேசுபவர்கள் ஒட்டவைப்பார்கள். பழைய ஆங்கிலத்தில் புத்தகம் 'போக்', அதன் பன்மை 'பேச்'. ஃபுட்–ஃபீட் வகைதான். அப்படியே வளர்ந்திருந்தால் இன்று 'புக்ஸ்' என்ற சொல்லே இருக்காது. பெரும்பாலான சொற்கள் ஸ் ஏற்பதைப் பார்த்து இதற்கும் ஸ் போட்டுவிட்டார்கள். கால், பல், எலி போன்ற சில சொற்கள் மட்டும் பழைய பன்மையோடு தப்பின. பட்டாலை மொழியிலும் தினசரிச் சொற்கள் நாலைந்தைக் கோணலாகவே விட்டு, மற்றவற்றை ஒரே மாதிரி ஆக்கிவிடலாம்.

கடன் சொல் வந்தால் என்ன ஆகும்? ஒரு விதி உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை கிடையாது. ரோடு நேற்று வந்த சொல். ஆனால் யாரும் 'ரோடில்' என்பதில்லை, ரோட்டில், ரோட்டோரம். வீடு–வீட்டில், காடு–காட்டில் என்ற பழைய இரட்டிப்பு அந்தச் சொல்லையும் வளைத்துவிட்டது. கார்டு அப்படி வளையவில்லை. கார்டில் என்றுதான் சொல்கிறோம். ட-வுக்கு முன்னால் மெய் நிற்பதால் 'வண்டு–வண்டில்' போல அது விதிக்குள் வராது. நன்னூல் நெடில்தொடர் (வீடு), உயிர்த்தொடர் (வயிறு) குற்றியலுகரங்களுக்கு மட்டும் இந்த இரட்டிப்பைச் சொன்னது. சூத்திரம் கேள்விப்படாத டீக்கடைக்காரரும் ரோட்டையும் கார்டையும் அதே இடத்தில் பிரிக்கிறார்.

ஒலி மாற்றத்துக்கு இலக்கணம் தெரியாது என்று மேலே சொன்னேன். பிறக்கும்போது தெரியாது, வளர்ந்த பிறகு கற்றுக்கொள்ளும். பொன் + குடம் பொற்குடம் ஆகிறது. ஆனால் நாட்டரசன் + கோட்டை நாட்டரசற்கோட்டை ஆவதில்லை, நாட்டரசன்கோட்டைதான். ஒலி அளவில் இரண்டிலும் ன் + க. வித்தியாசம் திணையில். உயர்திணைப் பெயரின் இறுதி மெய் வல்லினத்துக்கு முன் மாறாமல் நிற்கும் என்பது நன்னூல் விதி. பிள்ளையார்பட்டியில் ப் மிகாததும் அதனால்தான். அதே மாதிரி 'கிளி கூவியது' என்றால் க் வராது, 'கிளிக்கூண்டு' என்றால் வரும். எழுவாயும் பயனிலையும் சேர்கின்றனவா, கிளிக்கான கூண்டா என்பதை அந்த ஒற்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'வேலை கொடு' என்பவர் சம்பளம் கேட்பார், 'வேலைக் கொடு' என்பவர் ஆயுதம் கேட்கிறார். புனைமொழியில் இந்தக் கட்டத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். உயிருள்ளவற்றின் பெயர்களில் மட்டும் முதல் மாற்றம் தடைபடுவதாக ஒரு வரி சேர்த்தாலே போதும், மொழி வேறு முகம் காட்டும்.

செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் (வணிகம் செய்யப்) போனவர்களுக்கு இன்னொரு வகை பழக்கமாகியிருக்கும். பர்மிய மொழியில் 'ப்யெட்' என்றால் தானாகக் கெட்டுப்போவது. அதே ப-வில் மூச்சுக் காற்றைக் கலந்து சொன்னால் ஒருவர் கெடுப்பது. தமிழில் திரும்பு–திருப்பு, அடங்கு–அடக்கு என்று நடுவில் நடப்பது அங்கே முதல் எழுத்தின் மூச்சில் நடக்கிறது. அதுவும் பழைய ஸ் முன்னொட்டு ஒன்று தேய்ந்து விட்டுப்போன மூச்சு. ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இதை எந்த இலக்கணப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக எழுத்து. உங்கள் மொழிக்கு எழுத்து முறை உண்டு என்றால், அது மூன்று மாற்றங்களில் எதற்கு முன்னால் பிறந்தது என்று முடிவு செய்ய வேண்டும். முதல் மாற்றத்துக்கு முன்னால் பிறந்திருந்தால் தகி என்று எழுதி தெஹ் என்று படிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு பிறந்திருந்தால் தெஹ் என்றே எழுதுவார்கள், பழைய இ இருந்ததே யாருக்கும் தெரியாது. நம்முடையது முதல் வகைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இளையாற்றங்குடி என்று எழுதுகிறோம், இளையாத்தங்குடி என்று சொல்கிறோம். ஒலி ஒரு பக்கம் போக வரி ஒரு பக்கம் நிற்பது பல மொழிகளில் உண்டு. காரைக்குடித் தமிழ்த்தாய் கோவிலில் ஒலித்தாய்க்கும் வரித்தாய்க்கும் தனித்தனியாகவே சிலை வைத்திருக்கிறார்கள்.

பட்டாலை மொழிக்காரர்கள் இரண்டாம் மாற்றத்துக்கும் மூன்றாவதற்கும் நடுவில் எழுத்து பிறந்ததாக முடிவு செய்தார்கள். தெஹி என்று எழுதி தெஹ் என்று படிக்க வேண்டும். குறும்படத்தில் ஒரு கல்வெட்டுக் காட்சி வருவதால் அதற்கு இன்னும் பழைய வடிவம் வேண்டுமாம். கல்வெட்டில் மட்டும் தகி என்று வெட்டப்போகிறார்கள். படத்தில் அதைப் படிக்க முடியாமல் விழிக்கும் பாத்திரம் யார் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது.